வாசப்படியம்மாவின் சாலை மறியல்

திண்டுக்கல்லிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்ற விஷயத்தில் வாசப்படியம்மாவை மிஞ்ச இந்தியாவிலேயே ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிப்பவரே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பார். நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி என்று எல்லா பஸ்ஸிலும் வருடக்கணக்கில் ஏறி இறங்கியவர். போன இடத்திலெல்லாம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பெண் என்பவள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் நினைவில்லை. மேடை ஏறியதும், "பொம்பளைக்கு உலகம் வாசப்படியோட முடியுது" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் யாரோ கேலியாக வைத்த பெயர் அது. அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் என்று எடுத்துக்கொண்டார். கோயில் திருவிழா நோட்டீஸ்களில், 'சிறப்புச் சொற்பொழிவு: வாசப்படியம்மா' என்று கொட்டை எழுத்தில் போட வைத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அவர் வீட்டு மாடிக்குக் குடிவந்தேன். எங்கள் குடும்பம் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப்பூ விவசாயம். எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸில் கிளார்க் வேலை. கல்யாணமாகாத, வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த ஊரில் வீடு கிடைப்பது அப்போது லேசான காரியமில்லை. தெருத் தெருவாக அலைந்து கடைசியில் இவர் வீட்டுக்கு வந்து நின்றேன். இவர் யாரென்று தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லம்மா."

"மில்லுல வேலையா?"

"ஆமாம்மா. ஆபீஸ்ல."

"பொம்பளப் புள்ள வேலைக்குப் போறது தப்பு. குடும்பம் சிதறிப் போகும். நாடு நாசமாப் போகும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள வந்துரணும்."

சாவி என் கைக்கு வந்தது.

வாசப்படியம்மாவின் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் மாஸ்டர். அந்த வீட்டில் அடுப்படி அவருடையது. டப்பாக்கள் எல்லாம் பிரேயருக்கு வந்த பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நிற்கும். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தார் என்றால் தெருமுனை வரை வாசம் போகும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வகைக்குக் குறையாது. சாயங்காலம் அம்மா ஏதோ ஒரு ஊரில் பேசிவிட்டு பஸ் இறங்கி வந்து, ரெக்ஸின் பையைக் கீழே வைத்து, காலை நீட்டி உட்காருவார். மாஸ்டர் காப்பியை ஆற்றிக் கையில் கொடுப்பார்.

"கேட்டீங்களா அநியாயத்தை? சில ஊர்ல பொம்பளைங்க ஆம்பளைங்களை அடுப்படியில நிறுத்துறாளுகளாம். கலி முத்திருச்சு."

"ஆமா. சட்னிக்குத் தேங்கா கூட வைக்கவா?" என்பார் மாஸ்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. குடிவந்த புதிதில் ஒரு நாள் கேட்டே விட்டேன். "அம்மா, உங்க வீட்ல மாஸ்டர்தானே சமைக்கிறார்?"

"அது அவரோட பொழுதுபோக்கு."

"தினமுமா?"

"பொழுது தினமும்தானே போகுது?"

பதில் சொல்வதில் அவரை யாரும் மடக்க முடியாது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு கூட்டத்துக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். "ஏனுங்கம்மா, பொம்பளைங்க வெளிய வரக் கூடாதுன்னு சொல்றீங்க. நீங்க மட்டும் திண்டுக்கல்லுல இருந்து எப்படிங்க வந்தீங்க?"

கூட்டம் சிரித்தது. அம்மா சிரிப்பு அடங்கும் வரை நின்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஊர்ல கொள்ளை நோய் வந்துச்சுன்னா எல்லாரும் வீட்டுக்குள்ள இருங்கன்னு தண்டோரா போடுவாங்க. தண்டோரா போடுறவன் மட்டும் தெருவுலதாம்மா நடக்கணும்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கேள்வி கேட்ட பெண்ணும் தட்டினார்.

அவர் ஒரு மன்றமும் வைத்திருந்தார். மனையறக் காவல் மன்றம் என்று பெயர். தலைவர் அவர்தான், செயலாளரும் அவர்தான். மாவட்டம் முழுக்கப் பெண்கள் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு மண்டபத்தைப் பிடித்து, நாற்காலி போட்டு, மைக் கட்டியிருந்தார். ஒரு உறுப்பினர்கூட வரவில்லை. காலியான நாற்காலிகளை நான் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா கோமதி? ஒருத்தியும் வீட்டை விட்டு வரல. கொள்கைப் பிடிப்புன்னா இது."

கூட்டம் நடந்தது. மாஸ்டரும் நானும் மைக்செட்காரரும் கேட்டோம்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவர் வெறும் வேடிக்கை மனுஷி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் பேச்சில் சரக்கு இருந்தது. "பொம்பளைக்கு ஆபீஸ்ல ஒரு வேலை, வீட்ல ஒரு வேலை. சம்பளம் மட்டும் ஒண்ணு. இது யாருக்கு லாபம்?" என்று கேட்பார். நானே தலையாட்டியிருக்கிறேன். விடியற்காலையில் துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, அரக்கப் பரக்க மில்லுக்கு ஓடிய எந்தப் பெண்ணும் தலையாட்டத்தான் செய்வாள். கேள்வி சரியான கேள்வி. விடைதான் கோணல். "அதனால வேலையை விட்டுரு" என்று முடிப்பார். ஆம்பளையும் ஒரு கரண்டியைப் பிடிக்கலாமே என்ற இன்னொரு விடை தினமும் அவர் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது. எந்த மேடையிலும் அவர் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அந்தக் கோணல் விடை என் ஆபீஸுக்கும் ஒரு நாள் வந்தது.

எதிர் மேஜையில் ஈஸ்வரி என்று ஒரு பெண் டைப்பிஸ்ட். எங்கள் தெருதான். அதிர்ந்து பேசாது. ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் மழை அடிப்பது போல அடிக்கும். அப்பா கிடையாது. அண்ணன் பாண்டி லாரிப் பட்டறையில் வேலை பார்த்தான். எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் வாசப்படியம்மா பேசியபோது அவன் கூட்டத்தில் கைகட்டி நின்று கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் ஈஸ்வரி என்னிடம் வந்து மேஜை டிராயர் சாவியை நீட்டினாள்.

"அக்கா, அண்ணன் இனிமே வேலைக்குப் போக வேணாங்குறான்."

"ஏன்?"

"வாசப்படியம்மா சொன்னாங்கல்ல. வேலைக்குப் போற பொம்பளைக்கு வாய் நீளுமாம்."

"உனக்கு வாயே இல்லையே ஈஸ்வரி."

"அதான், இனிமே வந்துரக் கூடாதுங்குறான்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போகாமல் நேரே கூடத்துக்குப் போனேன். அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நல்லதுதான? அந்தப் புள்ளைக்கு இனிமே நிம்மதி" என்றார்.

"அவ அழுதாம்மா."

"கல்யாணமாகிப் போறப்ப அழாத புள்ள உண்டா? அதுக்காகக் கல்யாணத்தை நிறுத்திருவோமா?"

அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஈஸ்வரியிடம் டைப் அடிக்கத் தெரிந்த விரல்கள் மட்டும்தான் இருந்தன. இனிமேல் அந்த அம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து மாடி ஏறினேன். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் கிண்ணத்தோடு படியேறி வந்தார். வேண்டாம் என்றேன்.

"கோவம் அவங்க மேலதான?" என்றார். "குழம்பு நான் வச்சது."

வாங்கிக்கொண்டேன். நியாயமான பேச்சுக்கு என்ன மறுப்பு சொல்ல முடியும்?

அந்தச் சமயத்தில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. செய்தி கேட்டு வாசப்படியம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுவேளை சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

எங்கள் தெருவில் பிலோமி டீச்சர் என்று ஒருவர் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். மனு எழுதுவதில் கெட்டிக்காரர். தெருவிளக்கு எரியவில்லை என்றால், சாக்கடை அடைத்தால், ரேஷன் அரிசியில் கல் இருந்தால் டீச்சர்தான் எழுதுவார். அவர் வேட்பாளராக நின்றார். மில் விட்டு வந்ததும் நான் அவரோடு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போவேன். ஒரு நாள் தெரு நடுவில் வாசப்படியம்மாவின் ஆட்டோ எதிரே வந்தது. ஆட்டோவின் மேல் குழாய் ஒலிபெருக்கி. உள்ளே அம்மா.

பிலோமி டீச்சர் ஆட்டோவை நிறுத்தி, "அம்மா, இம்புட்டு நல்லாப் பேசுறீங்களே. நீங்களே நில்லுங்க, நான் விலகிக்கிறேன்" என்றார். டீச்சர் நிஜமாகத்தான் சொன்னார்.

"நானா?" அம்மா ஆட்டோவுக்குள் பின்னால் நகர்ந்தார். "ஒரு பொம்பள ஓட்டு, அரசியல்னு தெருவுல எறங்கலாமா?" மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அது நாலு தெருவுக்குக் கேட்டது.

பெண் நின்றால் ஓட்டுப் போடாதீர்கள் என்பதுதான் அவருடைய பிரசாரம். நிற்பவர்கள் எல்லாருமே பெண்கள்தான் என்று மாஸ்டர் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக எடுத்துச் சொன்னார். அம்மா யோசித்தார். மறுநாள் பேச்சு மாறியது. "எந்தப் பொம்பள இதுவரைக்கும் வெளியவே வரலையோ அவளுக்குப் போடுங்க!"

அப்படி ஒருவர் இருந்தார். பெயர் முத்துலட்சுமி. சாக்கடை, ரோடு கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவரின் மனைவி. அவரை நிறுத்தியது கணவர்தான். ஓட்டுக் கேட்டு வந்ததும் கணவர்தான். போஸ்டரில் கணவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு பெண்முகம். முத்துலட்சுமியை நேரில் பார்த்ததாகத் தெருவில் யாருமே சொல்லவில்லை. வாசப்படியம்மாவின் கணக்குப்படி இதைவிடத் தகுதியான வேட்பாளர் தமிழ்நாட்டிலேயே கிடையாது.

முத்துலட்சுமி ஜெயித்தார். வெற்றி ஊர்வலத்தில் கான்ட்ராக்டர் மாலையோடு ஜீப்பில் போனார். கவுன்சிலர் வீட்டில் இருந்தார். பிலோமி டீச்சர் டியூஷன் பிள்ளைகளுக்கு அன்றைக்கு லீவு விட்டார். அவர் கதவைச் சாத்திக்கொண்டதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அடுத்த கோடையில் எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் வருவது நின்றது. திண்டுக்கல்லில் கோடைத் தண்ணீர்க் கஷ்டம் புதிதல்ல. ஆனால் பக்கத்துத் தெருவில் குழாய் ஒழுக, எங்கள் தெருவில் காற்று மட்டும் வந்தது. குழாயைத் திறந்தால் பாம்பு சீறுவது போல் ஒரு சத்தம். குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ரயில்வே கேட் தாண்டி நடந்தோம். எனக்கும் அம்மாவுக்கும் இருந்த பேச்சில்லாமை அதில் முடிந்தது. ஒரே வீட்டில் தண்ணீர் இல்லாதபோது எந்தக் குடத்தை யார் தூக்குவது என்றாவது பேசித்தானே ஆக வேண்டும்.

கான்ட்ராக்டரிடம் கேட்டால், "கவுன்சிலரு வீட்ல இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்பார். வீட்டுக்குப் போனால் கதவுக்குப் பின்னாலிருந்து, "அவரு வெளிய போயிருக்காரு" என்று ஒரு குரல் வரும். இப்படியே பங்குனி போய், சித்திரையும் பாதி போய்விட்டது. ஒரு நாள் வாசப்படியம்மா குடையை எடுத்தார். "வா கோமதி, நான் போய்க் கேக்குறேன். என் பேச்சைத் தட்ட மாட்டா."

கான்ட்ராக்டர் வீட்டு ஜன்னலில் திரை தொங்கியது.

"ஏத்தா முத்துலட்சுமி, செத்த வெளிய வா. தண்ணி வந்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தெரியும்மா. எங்க வீட்லயும் வரல. அவரு லாரித் தண்ணி எறக்கிக்கிறாரு."

"நீ ஆபீஸ்ல போயிக் கேக்க வேண்டியதுதான?"

"நான் எங்கம்மா போறது? பதவி ஏத்துக்கப் போனதோட சரி. ஆபீஸ் வேலையெல்லாம் அவருதான் பாக்குறாரு. காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுவேன்."

"ஏன், நீ போனா என்ன?"

முத்துலட்சுமி சொன்னார்: "வெளிய வராத பொம்பளைக்கு ஓட்டுப் போடுங்கன்னு நீங்கதான்மா சொன்னீங்க. அதைக் கேட்டு அவருக்கு ரொம்ப சந்தோசம். முன்னாடியாவது வெள்ளிக்கெழம கோயிலுக்கு விடுவாரு. இப்ப அதுவும் இல்ல. கவுன்சிலரு கண்ட எடத்துக்குப் போகக் கூடாதாம்."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்தில் சிரித்த கூட்டத்தைக் கைதட்ட வைத்தவர். ஈஸ்வரி அழுதாள் என்று நான் சொன்னபோது கண்ணிமைக்காமல் பதில் சொன்னவர். ஜன்னல் திரையைப் பார்த்தபடி நின்றார். திரும்பி நடந்தார். வெயில் அப்படிக் கொளுத்தியது. குடையை விரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர், "அரிசி களையத் தண்ணி இல்ல. நாளைக்கு அடுப்பு எரியாது" என்றார்.

மறுநாள் காலையில் நான் மில்லுக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது அம்மா ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டு நடுவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், வழக்கமான மேடைக் குரலில் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார். மைக் தேவைப்படவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தோடு வந்தார்கள். பிலோமி டீச்சர் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்களைக் கூட்டி வந்தார். மாஸ்டர் எங்கிருந்தோ பழைய விசிலைத் தேடி எடுத்து வந்து ஊதி, குடங்களை உயர வரிசைப்படி அடுக்க வைத்தார். திண்டுக்கல் சரித்திரத்தில் அவ்வளவு ஒழுங்கான மறியல் நடந்திருக்காது. நான் அன்றைக்கு மில்லுக்குப் போகவில்லை.

முதலில் வந்து நின்றது நத்தம் பஸ். கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார். "அம்மா, என்னம்மா இது? நத்தத்துல இன்னிக்கு உங்களுக்குக் கூட்டம். நீங்க ஏற வேண்டிய வண்டிம்மா இது!"

"தெரியும். எடுக்க வேண்டிய நேரம் தாண்டிருச்சு. எடுக்க விடமாட்டேன்."

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு ஆள், "வாசப்படியம்மா! உங்க வாசப்படி எங்கம்மா?" என்று கத்தினான்.

"தண்ணிக் குழாய் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் என் வாசப்படிதான்டா!" என்றார். அப்போதும் பதில் வந்துவிட்டது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

பிறகு ஈஸ்வரி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் குடம். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயம் கேள்விப்பட்டுப் பாண்டி பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தான்.

"ஏ ஈஸ்வரி, எந்திரி! வீட்டுக்கு வா!"

"அம்மாவே ரோட்டுல உக்காந்திருக்காங்க" என்றாள் ஈஸ்வரி. அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "உனக்கு அவங்க சொன்னது மட்டும்தான் கேக்குமா? செய்யறது கண்ணுக்குத் தெரியாதா?"

பாண்டி அம்மாவைப் பார்த்தான். நாங்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா ஈஸ்வரியை ஒரு முறை பார்த்தார். பாண்டியைப் பார்த்தார்.

"இவ இங்கயே இருக்கட்டும்" என்றார். "நீ போயி இன்னொரு குடம் எடுத்தா."

பாண்டி போய் எடுத்து வந்தான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கியபோது, தெருமுனையிலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தார். ஒல்லியான உருவம், கையில் குடம். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பின்னாலேயே கான்ட்ராக்டர் ஓடி வந்ததால்தான் அது முத்துலட்சுமி என்று தெரிந்தது.

"ஏய்! உள்ள போ! உன்னைய யாரு வரச் சொன்னது?"

வாசப்படியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தார். "யோவ், கவுன்சிலரை ஏய்ங்கிற? நாங்க ஓட்டுப் போட்டது அவளுக்கு. நீ யாருய்யா?"

ரோடே சிரித்தது. கான்ட்ராக்டர் அங்கேயே நின்றுவிட்டார். அதிகாரி, "இந்த வார்டு உறுப்பினர் யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் முத்துலட்சுமி. காதில் விழவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார். "நான்தாங்க!" இந்தத் தடவை பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டது. குடத்தைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்காரரு சாக்கடைக்குத் தோண்டினப்ப குழாய் ஒடஞ்சிருச்சு. ஒட்ட வைக்காம மண்ணைப் போட்டு மூடிட்டாரு. நேத்து ராத்திரி அவரு வேலையாள்கிட்டப் பேசுனதைக் கேட்டேன். எடம் எனக்குத் தெரியும். வாங்க, காட்டுறேன்."

அவரே முன்னால் நடந்து போய்க் காட்டினார். தோண்டினார்கள். அந்த வார முடிவில் எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு முத்துலட்சுமி தானே போனதாகக் கேள்வி. பிலோமி டீச்சர் மனு எழுதிக் கொடுத்துத் துணைக்கும் போனாராம். அன்றைக்கு வீட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கான்ட்ராக்டர்; இது கேள்விப்பட்டதில்லை, நானே பார்த்தேன்.

இதற்குப் பிறகு வாசப்படியம்மா மனம் மாறி, மேடையில் மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் அடுத்த வாரமே நத்தம் போய், விட்டுப்போன கூட்டத்தில் பேசினார். பொம்பளைக்கு உலகம் வாசப்படியோடு முடிகிறது என்றார். தண்ணீர் விஷயம் நீங்கலாக என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். பிறகு ரேஷன் நீங்கலாக, ஆஸ்பத்திரி நீங்கலாக என்று அந்த நீங்கலாக வருடா வருடம் நீண்டுகொண்டே போனது. கடைசிக் காலத்தில் அவர் பேச்சில் கொள்கை ஐந்து நிமிடம், நீங்கலாக அரை மணி நேரம். ஆனால் ஊர் ஊராக அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன அண்ணன்கள் நிறையப் பேர். அந்தத் தெருக்களில் குழாய் உடையவில்லை, யாரும் ரோட்டில் உட்காரவும் இல்லை. எங்கள் ஈஸ்வரி வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் அவள் நாற்காலியில் வேறு ஆள் வந்துவிட்டதால், தனக்குப் பிறகு சேர்ந்தவளுக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்தாள். இந்தக் கணக்கை நான் அம்மாவிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதுப் பதில் வைத்திருந்தார். ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எனக்குக் கல்யாணமாகி, மில்லின் கோயம்புத்தூர் ஆபீஸுக்கு மாற்றலும் வந்தது. வீட்டைக் காலி செய்யும்போது, "இனிமேலாவது வேலையை விட்டுட்டுக் குடும்பத்தைப் பாரு" என்று ஆசீர்வாதம் செய்தார். என் கணவருக்கு ஷிப்ட் வேலை, பகலில் வீட்டில் இருப்பார். வாரத்துக்கு ஒரு முறை முற்பகலில் போன் வரும். நான் ஆபீஸில் இருக்கும் நேரம் என்று தெரிந்தேதான் அம்மா பேசுவார். என்னோடு பேசினால் சண்டை வரும். என் கணவரிடம், "வேலைக்குப் போயிட்டாளா? சாப்டுட்டுப் போனாளா? வெஞ்சனம் என்ன வச்சீங்க?" என்று கேட்டு வைத்துவிடுவார்.

ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தேன். என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். போன் அடித்தது, எடுத்தேன்.

என் குரலைக் கேட்டதும் அம்மா பதறிப் போய், "கோமதியா? ஏத்தா, வேலைக்குப் போகலையா? உனக்கு என்ன? என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா, லேசாக் காய்ச்சல்."

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பொழுது விடிந்து வாசலில் கோலம்கூடப் போடவில்லை, அம்மா வந்து நின்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே வந்து, என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"சீக்கிரம் எந்திரிச்சு ஆபீஸுக்குக் கெளம்பு" என்றார். "இப்படி வீட்ல கெடக்குற உன்னையப் பாக்க எனக்குச் சகிக்கல."

அந்தக் கை சில்லென்று இருந்தது. அவர் எடுக்கவில்லை. எடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.